விசுவாசம் என்பது எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன் ஒருவன்)

விசுவாசம் என்னும் சொல் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். தொட்டிலில் கிடந்த நாள் முதல் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அதன் பொருள் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை சென்ற ஆண்டு வரை எனக்கு ஏற்படவில்லை.

சென்ற ஆண்டு பங்குனி மாதம், பனையேறும் தொழிலாளியான என் தந்தையார் மரத்திலிருந்து விழுந்தார். காலில் மாட்டியிருந்த தளைநார் அறுந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அந்நாட்களில் ஜெபிப்பதற்காக வீட்டுக்கு வந்த ஒருவர், புறப்படும்போது என் தாயாரிடம், "இந்த வீட்டில் விசுவாசம் குறைவு. அதனால்தான் ஆண்டவர் இன்னும் எழுப்பவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு என் தாயார் அடுப்பு மூட்டவில்லை. "நான் எதுலய்யா குறை வச்சேன்?" என்று என்னைக் கேட்டார்.

என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். படித்த பிள்ளையிடம் விடை இருக்கும் என்று அவர் நினைத்தார். என்னிடம் விடை இல்லை. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. இது மதப் பிரசாரம் அன்று. ஒரு நூல் ஒரு சொல்லை எப்பொருளில் ஆள்கிறது என்று காணும் முயற்சியே ஆகும்.

சொல்லின் வேர்

வேதாகமத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டவை. எபிரேயத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொற்கள் 'ஆமன்' என்னும் வேரிலிருந்து பிறந்தவை. உறுதியாய் இருத்தல் என்பது அவ்வேரின் பொருள். ஜெபத்தின் முடிவில் சொல்லப்படும் 'ஆமென்' அதன் ஒரு கிளையே. 'இது உறுதி' என்பது அதன் கருத்து. ரூத்தின் குழந்தையை மடியில் ஏந்தி வளர்த்த நகோமியைச் 'செவிலி' என்று குறிக்கும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. விழாமல் தாங்குவது என்ற எண்ணம் இச்சொற்கள் எல்லாவற்றிலும் ஊடாடுவதைக் காணலாம்.

இவ்வேரில் பிறந்த 'எமுனா' என்னும் சொல் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. இஸ்ரவேலர் அமலேக்கியரோடு போரிட்ட நாளில் மோசே குன்றின் உச்சியில் கையை உயர்த்தி நின்றார். கை உயர்ந்திருந்தபோது இஸ்ரவேலர் வென்றனர். தாழ்ந்தபோது பகைவர் வென்றனர். நேரம் ஆக ஆக அவர் கைகள் சோர்ந்தன. உடன் வந்த இருவர் ஒரு கல்லை எடுத்து வைத்து அவரை உட்காரச் செய்து, ஆளுக்கொரு பக்கமாக நின்று கைகளைத் தாங்கினர். பொழுது சாயும் வரை அக்கைகள் அசையாமல் இருந்தன. அந்த அசையாமையைக் குறிக்கவே 'எமுனா' என்ற சொல் அங்கே ஆளப்பட்டுள்ளது.

நீதிமான் எதனால் பிழைப்பான் என்று சொல்ல வந்த ஆபகூக் தீர்க்கதரிசியும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அவ்வாக்கியத்தைப் பிற்காலத்தில் பவுல், ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களில் எடுத்தாள்கிறார். ஆகவே விசுவாசம் என்பது நெஞ்சுக்குள் எழும் ஒரு வேகம் மட்டும் அன்று. அது நிலைத்து நிற்றல். மோசேயின் கதையிலோ அந்த நிலைப்பு அவர் ஒருவருடைய பலத்தால் வந்ததும் அன்று.

மற்றொரு சொல் 'பாதாக்'. ஒன்றை நம்பி அதன்மேல் அச்சமின்றிச் சார்ந்திருத்தலை இது குறிக்கும். கி.மு. 701இல் அசீரியப் படை யூதேயா நாட்டுக்குள் புகுந்தது. எருசலேமுக்கு வந்த அசீரிய அதிகாரி, எசேக்கியா அரசர் எகிப்தை நம்புவதைக் கேலி செய்து பேசியதை ஏசாயா 36ஆம் அதிகாரம் கூறுகிறது. எகிப்து முறிந்த நாணற்கோல், ஊன்றுகிறவன் கையையே அது குத்திவிடும் என்பது அவன் பேச்சின் சாரம். பேசியவன் பகைவனே எனினும் அவ்வுவமையில் ஓர் உண்மை உண்டு. எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறோம் என்பதைவிட, எதன்மேல் ஊன்றுகிறோம் என்பதே முக்கியம்.

கிரேக்கத்தில் வரும் சொல் 'பிஸ்டிஸ்'. நம்புதல், நம்பத்தக்க தன்மை ஆகிய இரண்டையும் அது குறிக்கும். நம் தமிழிலும் 'நம்பிக்கை வைத்தேன்' என்கிறோம். 'நம்பிக்கையான ஆள்' என்றும் சொல்கிறோம். ஒரே சொல் நம்புகிறவனுக்கும் நம்பப்படுகிறவனுக்கும் பொதுவாய் நிற்கிறது. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இப்பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை; ஆனால் அதன் வினைச்சொல் ஏறத்தாழ நூறு முறை வருகிறது. விசுவாசத்தை ஒருவன் பெட்டியில் வைத்திருக்கும் பொருளாக அவர் கருதவில்லை. நாள்தோறும் செய்யும் செயலாகவே கருதினார் என்று தோன்றுகிறது.

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள்

என் பாட்டி விட்டுச் சென்ற பழைய மொழிபெயர்ப்பில், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் முடிவில் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று எண்ணப்படுகின்றன. கத்தோலிக்க நண்பன் ஒருவன் தந்த, 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று உள்ளன. பழைய நூலில் இரண்டாம் இடத்தில் இருந்த 'நம்பிக்கை' புதிய நூலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது! முதலில் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. பின்னர் அதில் ஒரு பயன் இருப்பதை உணர்ந்தேன். 'விசுவாசம்' என்ற சொல்லில் உண்மை மாறாத பற்று தெரிகிறது. 'நம்பிக்கை' என்ற சொல்லில் சார்ந்து நிற்றல் தெரிகிறது. கிரேக்கச் சொல்லுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

விசுவாசமும் விளைவும்

இனி என் தாயாரின் கேள்விக்கு வருவோம். விசுவாசம் மிகுந்தால் நோய் நீங்கும், நீங்காவிட்டால் விசுவாசம் குறைவு என்று வேதாகமம் சொல்கிறதா?

அப்படி எண்ண இடம் தரும் பகுதிகள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணை நோக்கி, அவளுடைய விசுவாசமே அவளைக் காப்பாற்றியது என்று இயேசு சொன்னார். ஆனால் குணமானவளைத் தேற்றச் சொன்ன சொல்லைத் தலைகீழாக்கி, குணமாகாதவனைக் குற்றம் சாட்ட எடுக்கலாமா? தர்க்கப்படியும் அது பிழை, வேதாகமத்தின்படியும் பிழையே.

எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல். சிலர் சிங்கங்களிடமிருந்தும் வாளிலிருந்தும் தப்பினர் என்று கூறும் அதே பட்டியல், வேறு சிலர் கல்லெறியுண்டும் வாளால் வெட்டுண்டும் மாண்டனர் என்றும் கூறுகிறது. தப்பியவர்களுக்கும் மாண்டவர்களுக்கும் கிடைக்கும் நற்சாட்சி ஒன்றே. தானியேல் நூலில் எரிகிற சூளையின் முன் நிறுத்தப்பட்ட மூன்று இளைஞர்கள், எங்கள் தேவன் எங்களைக் காக்க வல்லவர், ஒருவேளை காக்காவிட்டாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்ற கருத்தில் அரசனுக்கு விடை அளித்தனர். அந்த 'காக்காவிட்டாலும்' என்பதில்தான் விசுவாசம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பலன் கிடைக்கும் என்ற கணக்கில் மட்டும் நிற்பது வியாபாரம் ஆகிவிடும்.

சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியை லூக்கா குறிப்பிடுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார். இதைப் படித்தபோது எங்கள் பனைமரம் என் நினைவுக்கு வந்தது. துன்புற்ற யோபுவிடம் வந்து, உன்னிடம் குற்றம் இருக்கும் என்று வாதாடிய நண்பர்களைக் கடவுளே இறுதியில் கடிந்துகொள்கிறார். 'அற்பவிசுவாசிகள்' என்ற கடிந்துரையும் சுவிசேஷங்களில் படுத்த படுக்கையில் கிடப்பவரை நோக்கிச் சொல்லப்படவில்லை; பெரும்பாலும் உடன் நடந்த சீடர்களை நோக்கியே சொல்லப்படுகிறது. இது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஐயமும் அறிவும்

ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசை நண்பன், "ஆதாரம் இல்லாததை ஒப்புக்கொள்வதுதானே உங்கள் விசுவாசம்?" என்று கேட்பது வழக்கம். ஐயம் கொண்டவரை வேதாகமம் துரத்திவிடவில்லை என்பதே என் பதில். காயங்களைக் கண்டாலன்றி நம்பேன் என்ற தோமாவுக்குக் காயங்கள் காட்டப்பட்டன. காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்பது அதன் பிறகே சொல்லப்பட்டது. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பினால் துன்புற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி கேட்டான். முதலில் முழு விசுவாசத்தோடு வா என்று அவன் திருப்பி அனுப்பப்படவில்லை. மகன் குணமடைந்தான்.

விசுவாசம் அறிவைத் துறப்பதும் அன்று. தேவாலயத்து உச்சியிலிருந்து குதி, தேவதூதர் தாங்குவர் என்று சோதிக்கப்பட்டபோது இயேசு குதிக்கவில்லை. என் தந்தையார் மரத்தின் அடியில் நின்று ஜெபித்துவிட்டே ஏறுவார். ஏறுமுன் தளைநாரை இழுத்தும் பார்ப்பார். இரண்டுக்கும் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. அன்றும் அவர் இழுத்துப் பார்த்துத்தான் ஏறினார். நார் அறுந்ததற்குக் காரணம் நாரின் தேய்வு. அவருடைய விசுவாசத்தின் தேய்வு அன்று.

அப்படியானால் கடவுள் ஏன் தாங்கவில்லை? இக்கேள்வியை யோபுவும் கேட்டார். நேர்விடை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டதற்காக அவர் தள்ளப்படவும் இல்லை. என் தாயாருக்கு நான் அதைத்தான் படித்துக் காட்டினேன்.

கட்டிலைச் சுமந்தவர்கள்

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகின்றனர். கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகின்றனர். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். 'அவனுடைய' என்று தனியே சொல்லவில்லை, 'அவர்களுடைய' என்றார். படுத்திருந்தவனிடம் எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. கரண்ட்டை அளக்க அம்மீட்டர் உண்டு. இதை அளக்கக் கருவி இல்லை.

என் தந்தையார் விழுந்த அன்று, பக்கத்து விளையில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி ஓடிவந்து, அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தார்ச்சாலை வரை சுமந்தார்கள். பருவம் முடியும் வரை அவருடைய மரங்களை முறை வைத்து ஏறி, பதநீரை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதைக் காய்ச்சிய கருப்பட்டியில்தான் என் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டது. இல்லையேல் படிப்பை நிறுத்தியிருப்பேன், இக்கட்டுரையும் இராது. அவர்களுள் இருவர் கிறிஸ்தவர் அல்லர். மோசேயின் கைகளைத் தாங்கிய இருவரை நான் படிக்கும்போதெல்லாம் அவர்கள் முகங்களே எனக்குத் தெரிகின்றன.

உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவனிடம் வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்கிறார். செயலற்ற விசுவாசம் செத்தது என்பது அவர் முடிவு.

இன்று என் தந்தையார் கோலூன்றி நடக்கிறார்; மரம் ஏறுவதில்லை. என் தாயார் மாற்கு 2ஆம் அதிகாரத்தை மட்டும் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப சுமந்தவுக விசுவாசமும் சேத்திதானா?" என்றார். "ஆமம்மா" என்றேன். மறுநாள் எப்போதும்போல் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினார்.

நண்பர்களே, நாம் எந்த மதத்தவராயினும் என்றேனும் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கத்தான் போகிறோம். அப்போது அவருடைய விசுவாசத்தை எடை போட வேண்டாம். கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்குவோம்.