மூத்திரத் தாரையின் பிணிகள்

பேசத்தகாத உறுப்பென ஒன்றை ஒதுக்கிவைத்தால், அதில் தோன்றும் நோயும் மறைந்தே வளரும். நீர்ப்பையினின்று சிறுநீரை வெளியேற்றும் குழாயே மூத்திரத் தாரையாகும். ஆடவர்க்கு அது ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் நீளமுடையது; மகளிர்க்கோ 4 செண்டிமீட்டர் அளவே. ஆதலின் மகளிரின் நீர்ப்பையைக் கிருமிகள் எளிதில் எட்டிவிடுகின்றன.

நீர்க்கடுப்பு, எரிச்சல், சீழ் ஒழுகல் ஆகியன தாரை அழற்சியின் குறிகள். நம் நாட்டு வைத்தியர் மேகவெட்டை என்றழைத்த நோயின் கிருமியை, 1879-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தார். கிளமிடியா முதலிய வேறு கிருமிகளும் இவ்வழற்சியை விளைப்பன. இவை உடலுறவினால் பரவும். மகளிர் பலரிடத்தில் யாதொரு குறியுமின்றியே தங்கியிருக்கும். ஆதலின் கணவன் மனைவியருள் ஒருவர் மட்டும் மருந்துண்ணின் நோய் மீண்டும் தொற்றும். 1940-களில் பெனிசிலின் வந்தபோது வெட்டை எளிதில் தீர்ந்தது. பின்னர் அக்கிருமி பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் பெற்றமையால், கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை நம்பத்தக்கதன்று.

தீராத அழற்சி தழும்பாகித் தாரையைச் சுருக்கும். அப்பொழுது நீர் நூல்போல் இழியும். முக்கிக் கழிக்க நேரும். நீர்வழி குறுகியவிடத்துக் குழாய்களைப் படிப்படியாகச் செலுத்தி விரிக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது.

தாரையில் புற்றுநோய் தோன்றுதல் மிக அரிது. தோன்றினும் பெரும்பாலும் முதுமையிலேயே தோன்றும். நாட்பட்ட அழற்சியும், பாப்பிலோமா என்னும் வைரஸும் அதனோடு தொடர்புடையன. இரத்தம் கசிதல், கட்டி தட்டுப்படுதல், நீர் மெலிந்து இழிதல் என்பன அதன் குறிகள். இவற்றுட் சில சுருக்கத்தின் குறிகளை ஒத்திருத்தலே இடர். உள்நோக்குக் கருவியால் கண்டு, சிறிது தசையெடுத்துச் சோதித்தாலன்றி இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிதல் இயலாது. தொடக்கத்திலேயே கண்டால் சிறிய அறுவையே போதுமானதாகலாம். பரவியபின் பெரிய அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியன ஒருங்கே வேண்டப்படலாம்.

கல்வராயன் மலையின் வெள்ளிமலை முதலிய ஊர்களினின்று கள்ளக்குறிச்சிக்கு இறங்குவோர் ஒருநாட் கூலியை இழக்க நேரும். அதனோடு கூச்சமும் சேரின், நோயாளி நோயைப் பொறுத்துக்கொண்டே காலங்கழிப்பார். 2022 ஜனவரி 12-ஆம் நாள் திறக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மலையடிவாரத்தார்க்கு எட்டும் தொலைவில் உள்ளது. கூச்சத்தை அகற்றுதலோ கற்றவர் கடமை. மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் சென்றால், சிறுநீரில் இரத்தமும், மெலிந்த தாரையும், ஒழியாத சீழும் வைத்தியரிடம் சொல்லத்தக்கனவே என்பதை வீட்டுப் பெரியோர்க்கு எடுத்துரைப்பீர்களாக.