இசைத்தட்டின் பின்னால் நின்றவர்

பழைய இசைத்தட்டொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவட்டத்திலே பாடியவரின் பெயர் பெரிதாக விளங்கும். அதன் அருகே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அதனை வாசிப்பவர் சிலரே. 1960களில் வெளிவந்த அமெரிக்க இசைத்தட்டுக்கள் பலவற்றில் அந்தச் சிறிய இடத்துக்கு உரியவராயிருந்தவர் பேட் பேர்ண்ஸ். சிலவற்றில் ‘பேட் றசல்’ என்னும் புனைபெயருக்குள் அவர் மறைந்துங்கொண்டார்.

அவர் 1929ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே, ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். இளமையிற் கண்ட வாதக்காய்ச்சல் அவருடைய இருதயத்தைப் பழுதாக்கிற்று. 21 வயதைக் காண்பதே அரிது என்று வைத்தியர்கள் சொன்னார்களாம். அவரோ கியூப நாட்டு நடன இசையில் மோகங்கொண்டு திரிந்து, முப்பது வயதையொட்டியே பாட்டெழுதும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார்.

‘ருவிஸ்ற் அன்ட் ஷவுட்’ என்னும் பாடலைப் பில் மெட்லி என்பவருடன் சேர்ந்து எழுதினார். 1961இல் ‘ரொப் நோட்ஸ்’ குழுவினர் அதனைப் பாடினர். ஒலிப்பதிவை நடத்தியவர் பில் ஸ்பெக்ரர். தாம் மனத்திற் கொண்ட தாளம் வேறு, கூடத்தில் ஒலித்தது வேறு என்று பேர்ண்ஸ் மனம் நொந்தார். தட்டும் விலைபோகவில்லை.

இங்கேதான் தயாரிப்பாளர் என்பவரின் வேலை நமக்கு விளங்குகிறது. வேகம் எவ்வளவு, எந்த வாத்தியம் முன்னே வரவேண்டும், பல முறை பாடியவற்றுள் எதனைத் தட்டிற்குக் கொடுப்பது என்பவற்றை முடிவுசெய்பவர் அவரே. 1962இல் அதே பாடலை ஐஸ்லி சகோதரர்களைக் கொண்டு பேர்ண்ஸ் தாமே பதிவுசெய்தார். லத்தீன் அமெரிக்கத் தாளக்கட்டின் மேல், தேவாலயப் பாட்டிற் பழகிய அந்தக் குரல்களின் ஆவேசம் ஏறிற்று. பாடல் நாடெங்கும் பரவியது. மறுவருடம் பெப்ரவரி 11ஆம் திகதி, இலண்டனில் பீற்றில்ஸ் குழுவினர் நாள் முழுவதும் பாடிக் களைத்தபின் இறுதியாக அதனைப் பாடினர். தடிமனால் தொண்டை கம்மியிருந்த ஜோன் லெனனின் குரலே அப்பதிவுக்கு அழகாயிற்று!

பிறர் எழுதிய பாட்டாயினும் பேர்ண்ஸின் கைவண்ணம் தெரியும். 1964 மே மாதம் ‘டிறிப்ரர்ஸ்’ குழுவின் பாடகர் றூடி லூயிஸ் காலமானார். மறுநாளே ஜோனி மூரைப் பாடவைத்து ‘அண்டர் த போட்வோக்’ பாடலைப் பதிவாக்கினார். அதில் இழையும் சோகத்தின் காரணத்தை, கேட்டு ஆடியவர்களுட் பலர் அறியார்.

1965இல் ‘பாங்’ என்னும் இசைத்தட்டுக் கம்பனியைச் சிலருடன் சேர்ந்து தொடங்கினார். நீல் டயமண்ட், வான் மொறிசன் ஆகியோரின் ஆரம்பகாலத் தட்டுக்கள் அங்கேதான் பிறந்தன. 1967இல் ஜெறி றாகவோயுடன் எழுதிய ‘பீஸ் ஒவ் மை ஹார்ட்’ பாடலை ஏர்மா பிராங்ளின் பாடினார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் திகதி பேர்ண்ஸின் இருதயம் நின்றது. வயது 38. அடுத்த ஆண்டு ஜானிஸ் ஜொப்ளின் அப்பாடலை உலகெங்கும் ஒலிக்கச் செய்தபோது கேட்பதற்கு அவர் இல்லை. ‘றொக் அன்ட் றோல்’ புகழ் மண்டபத்தில் அவருக்கு இடங்கிடைத்தது 2016ஆம் ஆண்டிலேதான்.