தெரியுமா? சின்ன வயசில் பார்த்த 'லயன் கிங்'குக்குள் இத்தனை ஆச்சரியங்கள்!

பாறை உச்சியில் சிங்கக் குட்டி சிம்பாவைத் தூக்கிக் காட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? காட்டுப்பன்றி பும்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோமே! அப்பா சிங்கம் முஃபாசா எழுந்திருக்கவே இல்லை என்று தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதோமே! 1994-ல் வந்த அதே 'தி லயன் கிங்'தான். இப்போது வளர்ந்த பிறகு மறுபடி போட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கண்ணில் படாத இன்னொரு படமே அதற்குள் இருக்கிறது! ஒவ்வொன்றாகச் சொல்லட்டுமா?

10 லட்சம் ஓவியங்கள்!

படம் ஓடுவது வெறும் 88 நிமிஷம். அதற்கு உழைத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 600-க்கும் மேல்! வரைந்த ஓவியங்கள்? 10 லட்சத்துக்கும் மேல்! கையால் தீட்டிய பின்னணிகள் மட்டும் 1,197. வண்ணம் பூசிய ஃபிரேம்கள் 1,19,058! அம்மாடியோவ்!

இரண்டரை நிமிஷம்... இரண்டு வருஷம்!

பள்ளத்தாக்கில் வைல்டுபீஸ்ட் மந்தை திபுதிபுவென்று இறங்கி வருமே, அந்தக் காட்சி சுமார் இரண்டரை நிமிஷம்தான். எடுக்க எவ்வளவு காலம் ஆனது? இரண்டு வருஷத்துக்கும் மேல்! நூற்றுக்கணக்கான விலங்குகள் ஆளுக்கொரு பாதையில், ஒன்றோடொன்று மோதாமல் ஓட வேண்டும் இல்லையா? அதற்கென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார்கள்! எப்போது? 1990-களின் தொடக்கத்தில்!

இதுவா ஓடும் என்றார்கள்!

அப்போது டிஸ்னியில் இன்னொரு படமும் தயாராகிக்கொண்டிருந்தது: 'போகஹான்டஸ்'. அதுதான் பெரிய படம், அதுதான் ஜெயிக்கும் என்று அனிமேட்டர்களில் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சிங்கப் படத்தை ஒரு சோதனை முயற்சியாகத்தான் பார்த்தார்கள். நடந்தது என்ன? முதல் வெளியீட்டிலேயே உலகம் முழுக்க 76 கோடி டாலருக்கும் மேல் வசூல்! 1994-ல் உலகிலேயே அதிகம் வசூலித்த படம் இதுதான்! மறுவருஷம் வந்த 'போகஹான்டஸ்' இதில் பாதியைக்கூடத் தொடவில்லை!

ஒரு சிம்பா, நான்கு குரல்!

சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் யார்? ஒருவர் இல்லை, நான்கு பேர்! குட்டிச் சிம்பா பேசுவது ஜோனதன் டெய்லர் தாமஸ் குரலில். பாடுவது ஜேசன் வீவர். வளர்ந்த சிம்பா பேசுவது மேத்யூ பிராடெரிக். பாடுவது ஜோசப் வில்லியம்ஸ். இந்த ஜோசப் யார் தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் மகன்!

20 லட்சம் டாலரா? வேண்டாம்!

சிறுவன் ஜேசன் வீவருக்கு மொத்தமாக 20 லட்சம் டாலர் தருவதாகப் பேசினார்கள். அவருடைய அம்மா என்ன சொன்னார் தெரியுமா? வேண்டாம்! 1 லட்சம் டாலர் போதும், கூடவே ராயல்டி வேண்டும் என்றார். வளர்ந்த பிறகு ஜேசனே பேட்டியில் சொன்ன கதை இது. பாட்டு ஒலிக்க ஒலிக்கப் பணம் வந்துகொண்டே இருந்தது. கெட்டிக்கார அம்மா!

கர்ஜித்தது சிங்கம் இல்லை!

உடம்பு சிலிர்க்கும் அந்தக் கர்ஜனை எந்தக் காட்டுச் சிங்கத்துடையது? எந்தச் சிங்கத்துடையதும் இல்லை! ஃபிராங்க் வெல்கர் என்ற குரல் கலைஞர் ஓர் இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் வாயை வைத்து உறுமினார்! 'ஸ்கூபி டூ'வில் ஃபிரெட் பேசுவாரே, அதே ஆள்!

வில்லன் பாட்டை முடித்தது யார்?

கழுதைப்புலிகளின் அணிவகுப்புக்கு நடுவே சிம்பாவின் சித்தப்பா ஸ்கார் பாடும் பாட்டு நினைவிருக்கிறதா? ஸ்காருக்குக் குரல் கொடுத்த ஜெரமி அயர்ன்ஸுக்குப் பாடும்போதே தொண்டை கட்டிக்கொண்டது. மீதியை அச்சு அசலாக அவரைப் போலவே பாடி முடித்தவர் ஜிம் கம்மிங்ஸ். யார் இவர்? தேன் குடிக்கும் அந்தக் குண்டுக் கரடி 'வின்னி த பூ'வின் குரல்! நம்ப முடிகிறதா?

பேசவே தயங்கிய பையன்!

முஃபாசாவின் அந்தக் கம்பீரக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய்! ஒன்றல்ல இரண்டல்ல, சுமார் 8 வருஷம் ஏறக்குறைய வாயே திறக்காமல் இருந்தார். அந்தப் பையன்தான் உலகமே அறிந்த ராஜகுரலாக வளர்ந்தார்! 2019-ல் படத்தை மறுபடி எடுத்தபோதும் முஃபாசா அவரேதான். 25 வருஷ இடைவெளியில் ஒரே அப்பா!

அப்பாவுக்காக அழுத இசை!

இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் தன் மகளைச் சந்தோஷப்படுத்தத்தான் இந்தப் படத்தை ஒத்துக்கொண்டார். முஃபாசா சாகும் காட்சிக்கு இசையமைக்க உட்கார்ந்தால், கண் முன்னால் வந்து நின்றது யார்? ஸிம்மருக்கு 6 வயதாக இருக்கும்போதே இறந்துபோன அவருடைய அப்பா! அந்த இசைக்குத்தான் அவருக்கு முதல் ஆஸ்கர். அந்தக் காட்சியில் நாம் ஏன் அப்படி அழுதோம் என்று இப்போது புரிகிறதா?

ஊரை விட்டுப் போனவரின் குரல்!

சூரியன் உதித்ததும் ஒரு குரல் வானத்தைப் பிளக்குமே, அது லெபோ எம் என்பவருடையது. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் பிறந்தவர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டே வெளியேறியவர்! ஊரை விட்டு ஓடிய ஓர் இளவரசன் திரும்பி வரும் கதையில், ஊரை விட்டு வந்த ஒருவரின் குரல்! இன்னும் கேளுங்கள். 1994 மே மாதம் நெல்சன் மண்டேலா ஜனாதிபதி ஆனார். ஜூன் மாதம் இந்தப் படம் வெளியானது!

பூமியே குலுங்கியது!

1994 ஜனவரி 17. படம் வர ஐந்தே மாதம் பாக்கி. லாஸ் ஏஞ்சலஸில் 6.7 அளவு நிலநடுக்கம்! ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். ஓவியர்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்து தள்ளினார்கள்!

பாவம் கழுதைப்புலிகள்!

திருட்டுக் கூட்டம் என்று நம்பினோமே, உண்மை என்ன தெரியுமா? புள்ளிக் கழுதைப்புலிகள் தங்கள் இரையில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடுகின்றன. பல நேரம் அதைப் பறித்துக்கொள்வது சிங்கம்தான்! ஆனால் ஒரு விஷயத்தைப் படம் சரியாகப் பிடித்தது. கழுதைப்புலிக் கூட்டத்துக்கு நிஜத்திலும் பெண்தான் தலைவி. படத்திலும் தலைவி ஷென்ஸி! சரி, குட்டியைத் தூக்கிக் காட்டிய ரஃபிகி? மான்ட்ரில் இனக் குரங்கு. அதன் வீடு புல்வெளியே இல்லை, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடு!

தமிழில் சிம்பாவே ஸ்கார்!

1994 படத்தின் தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் யார்? நம்ம அரவிந்த் சாமி! 2019-ல் மறுபடி தமிழில் வந்தபோது அவர் பேசியது யாருக்கு? ஸ்காருக்கு! அண்ணன் மகன் 25 வருஷத்தில் சித்தப்பா ஆகிவிட்டார்! இந்த முறை சிம்பாவாகப் பேசியவர் சித்தார்த்.

அந்தச் சின்னப் பாதம்!

யானைக் கல்லறைக்குப் போய் மாட்டிக்கொண்ட சிம்பாவை முஃபாசா கண்டிக்கக் கூப்பிடுவாரே, அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பயந்து பயந்து நடக்கும் குட்டியின் கால், அப்பாவின் காலடித் தடத்துக்குள் விழுகிறது. குனிந்து பார்க்கிறான். எவ்வளவு பெரிய தடம்! நடுவில் எவ்வளவு சின்னக் கால்! அன்றைக்கு 'ஐயோ, திட்டு விழப்போகிறதே' என்று சிம்பாவுக்காகப் பயந்தோம். இன்றைக்கு? பிள்ளையை இழந்திருப்பேனோ என்று பதறிய அப்பாவின் பக்கம் மனசு போய்விடுகிறது! படம் மாறவே இல்லை, ஆனால் நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது!

மறுபடியும் முதல் இடம்!

17 வருஷம் கழித்து, 2011-ல் இதே படத்தை 3டி-யில் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு கேசட் இருந்த படம், யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? முதல் வார இறுதியில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 3 கோடி டாலர்! புதுப் படங்களை எல்லாம் தள்ளிவிட்டு இரண்டு வாரம் முதல் இடம்!

இப்போது உங்கள் முறை!

வீட்டுக் குட்டிகளை உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள்: சிங்கங்களின் பாதம். மற்ற சிங்கங்கள் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். ஸ்காருக்கு மட்டும் முதல் காட்சியிலிருந்தே நகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! அந்த நகத்தைத்தான் பின்னால் முஃபாசாவின் கால்களில் குத்தி இறக்குகிறான். கடைசியில் சிம்பாவையும் அதே மாதிரி பிடிக்கிறான்! யார் வில்லன் என்பதை ஆரம்பத்திலேயே வரைந்து காட்டிவிட்டார்கள், நாம்தான் பார்க்கவில்லை! உங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது யார், நீங்களா, குட்டியா?