முள் நடுவுலதான் நிக்குது... அப்புறம் ஏன் இன்ஜின் கொதிக்குது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத மத்தியானம், காரில் ஐந்து பேர், ஏசி முழு வேகத்தில், வண்டி செகண்ட் கியரிலேயே திணறி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி மலையில் பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்புகிறது. ஓட்டுபவர் பதறிப்போய் டேஷ்போர்டைப் பார்க்கிறார். டெம்பரேச்சர் முள் வழக்கம்போல நடுவில்தான் இருக்கிறது. "முள்ளே ஏறலையே, எப்படி ஹீட் ஆகும்?" என்று இன்னும் இரண்டு வளைவு ஓட்டுகிறார். அந்த இரண்டு வளைவில்தான் ஹெட் கேஸ்கெட் போகிறது.

முள் பொய் சொன்னதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சென்சார் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதன் சூட்டைத்தான் சொல்லும். அதைச் சுற்றி கூலண்ட் இருந்தால் கூலண்டின் சூடு. கூலண்ட் ஒழுகிக் காலியாகிவிட்டால், அங்கே மிச்சமிருக்கும் காற்று, ஆவியின் சூடு. இரும்பும் அலுமினியமும் கொதித்துக்கொண்டிருக்க, சென்சார் மட்டும் "எல்லாம் சரி" என்று சொல்லலாம். இந்தச் சென்சாரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

உள்ளே இருப்பது என்ன?

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் ஒரு விரல் நுனி அளவுள்ள சின்னப் பாகம். பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட் பக்கத்தில் திருகியிருப்பார்கள். பித்தளை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் தெர்மிஸ்டர் என்ற ஒரு துண்டு. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமுக்கு இறங்கிவிடும். இசியு எனப்படும் இன்ஜின் கணினி இதற்கு 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது.

டேஷ்போர்டில் முள்ளை நகர்த்துவது இதன் சின்ன வேலை. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓட வேண்டும், ஏசி கம்ப்ரஸரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் இசியு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சென்சார் கெட்டுப்போய் எப்போதும் "குளிர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மைலேஜ் சரியும், சைலன்சரில் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் சிக்கல் வரும். விட்டுவிட்டால் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. எதிர்ப்பக்கமாக, எப்போதும் "சூடு" என்று சொன்னால் காலையில் முதல் ஸ்டார்ட் எடுக்காமல் இழுத்தடிக்கும்.

வயரே அறுந்துவிட்டால்? இசியுவுக்கு மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். நம்ம ஊரில் அது நடக்காத காரியம் என்பதால் செக் இன்ஜின் விளக்கை எரியவிட்டு, பி0118 என்ற கோடைப் பதிந்துவைக்கும். பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓடவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ஃபேன் முழு வேகத்தில் கத்தினால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதன் வயரும் கனெக்டரும். எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

முள்ளை எவ்வளவு நம்பலாம்?

இன்றைய பல கார்களில் முள் நேரடியாக வெப்பநிலையைக் காட்டுவதில்லை. சுமார் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி நிறுவனங்களே அமைத்துவிடுகின்றன. முள் லேசாக ஆடினாலும் வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்கு வந்து நிற்பார் என்பதே காரணம். வாடிக்கையாளருக்கு நிம்மதிதான். ஆனால் முள் நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. குளிராக இருக்கும்போது நீல விளக்கு, ஆபத்து என்றால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளில் விளக்கு உயிரோடு இருக்கிறதா என்பதற்கான சோதனை அது.

சென்சாரை மாற்றும் முன்...

"சென்சார் வீக் சார், மாத்திடலாம்" என்பது ஷெட்டில் அடிக்கடி கேட்கும் வசனம். பாகம் விலை குறைவு என்பதால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் கூலண்ட் அளவைப் பார்க்காமல் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல்காரருக்கு தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி. கூலண்ட் குறைகிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஓஸ் பைப் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். மூடி சும்மா மூடி அல்ல. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது, மலையில் தெரிந்துவிடும்.

சென்சார் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மொபைலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலண்ட் வெப்பநிலை, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை. ராத்திரி பூரா ஒரே இடத்தில் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். காற்று 28 என்றும் கூலண்ட் 29 என்றும் காட்டினால் கவலையில்லை. கூலண்ட் மட்டும் 60 என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் சென்சார், வயர், கனெக்டர் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு.

பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள். எண் சீராக ஏறி 85, 90 டிகிரி அளவில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 60, 65-ஐத் தாண்டவே இல்லை என்றால் குற்றவாளி தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் என்றதும் ஒரு விஷயம். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார், கழட்டி வீசிடலாம்" என்ற பழக்கம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இப்படிச் செய்தும் ஓடியது உண்மைதான். இப்போதைய கார்களில் கழற்றினால் இன்ஜின் போதிய சூட்டுக்கு வராது, இசியு கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், பி0128 கோடு விழும். அதைவிட மோசம், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிவரும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது ஏற்றத்தில் கொதிக்க வைக்கும்.

பராமரிப்பு

சென்சாருக்கென்று தனிப் பராமரிப்பு அதிகம் இல்லை. அதைச் சுற்றியிருப்பதைக் கவனித்தாலே போதும். முக்கியமான எதிரி போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல சென்சார் நுனியிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் வெள்ளைப் படிவு கட்டும். போர்வை போர்த்திய சென்சார் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். மேனுவலில் சொன்ன கூலண்டையே, சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள். வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள். அவசரத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றியிருந்தால், ஊர் வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது கனெக்டர். இன்ஜின் பகுதியைப் பிரஷர் வாஷ் செய்த மறுநாளோ, மழைவெள்ளத்தில் வண்டி நின்ற பிறகோ கோளாறு தொடங்கினால், கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும்.

வழியில் ஹீட் ஆனால்

முள் மேலே ஏறத் தொடங்குகிறது, ஆனால் சிவப்பு விளக்கு வரவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்குங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். இன்னொரு பயனும் உண்டு: இன்ஜின் கொதிக்கிற மாதிரி தெரியும்போது ஹீட்டரில் சில்லென்ற காற்று வந்தால், ஹீட்டருக்குள் கூலண்ட் ஓடவில்லை என்று அர்த்தம். அப்போது முள் என்ன காட்டினாலும் நம்ப வேண்டாம்.

சிவப்பு விளக்கு, ஆவி, கூலண்டின் இனிப்பு வாசனை, இதில் எது வந்தாலும் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். "அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா போயிடலாம்" என்ற எண்ணமே ஹெட்டை லேத்துக்கு அனுப்புகிறது. மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். மேல் ஓஸ் பைப்பைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகே, கனமான துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அழுத்தத்தோடு பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம்.

சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் இன்ஜின் ஆறிய பிறகு மாற்றச் சொல்லுங்கள். பழைய வாஷரையோ ரப்பர் வளையத்தையோ திரும்பப் போட விடாதீர்கள். கொஞ்சம் கூலண்ட் வெளியேறும். அதை நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது கட்டாயம், அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காற்றுக்குமிழி சென்சார் நுனியில் உட்கார்ந்துகொண்டால் புதுச் சென்சாரும் தப்பாகத்தான் காட்டும். இரண்டு நாள் கழித்து, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, கூலண்ட் அளவை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.