இரண்டரை மில்லிமீட்டர்: ஒரு பிரேக் பேடின் வரவு செலவு

மின்சார ஸ்கூட்டரின் முன்சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடு புதிதாக வரும்போது, அதன் உராய்வுப் பகுதி சுமார் 4 மி.மீ. தடிமன் இருக்கும். 1.5 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவது நல்லது. ஆக, நாம் உண்மையில் செலவழிக்கக்கூடியது 2.5 மி.மீ. மட்டும்தான். ஒன்றரை லட்ச ரூபாய் வண்டி நினைத்த இடத்தில் நிற்குமா நிற்காதா என்பது இந்த இரண்டரை மில்லிமீட்டரில் இருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை கிலோமீட்டருக்கு நான்கு காசு. இந்த நான்கு காசு எப்படி வருகிறது, அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் எவ்வளவு நட்டம் என்பதே இந்தக் கணக்கு.

முதலில் சுமை. நம் சாலைகளில் அதிகம் பார்க்கும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஏத்தர் 450எக்ஸில் முன்னால் 200 மி.மீ., பின்னால் 190 மி.மீ. டிஸ்க். முதலில் வந்த ஓலா எஸ்1 ப்ரோவில் 220, 180. டிவிஎஸ் ஐக்யூபில் முன்னால் 220 மி.மீ. டிஸ்க், பின்னால் 130 மி.மீ. டிரம். மூன்றுமே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகின்றன. எடை ஏறத்தாழ 110 முதல் 125 கிலோ. வண்டி 115, ஓட்டுபவர் 75 என்று வைத்தால் மொத்தம் 190 கிலோ.

இந்த 190 கிலோ 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனுள் இருக்கும் இயக்க ஆற்றல் 18,300 ஜூல். 30 கி.மீ. வேகத்தில் 6,600 ஜூல்தான். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஏறவில்லை, ஆற்றலோ 2.8 மடங்கு ஏறிவிட்டது. பின்னால் 65 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தால், அதே 50 கி.மீ. வேகத்தில் 24,600 ஜூல். வண்டி நிற்க வேண்டுமானால் இது முழுவதும் எங்காவது போய்ச் சேர வேண்டும். மோட்டாரே மின்சாரம் தயாரித்து வேகத்தைக் குறைக்கும் ரீஜென் இழுத்தால் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். மீதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்கும். 18,300 ஜூல் ஒரு கிலோ எஃகை ஏறக்குறைய 37 டிகிரி சூடாக்கும். ஸ்கூட்டர் டிஸ்க் ஒரு கிலோவுக்கும் குறைவு என்பதால் சூடு இன்னும் கூடுதலாகவே ஏறும்.

"ரீஜென் இருக்கிறது, பேடு தேயவே தேயாது" என்று ஷோரூமில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ரீஜென் வேலை செய்வது மோட்டார் இணைந்த பின்சக்கரத்தில்தான். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. சக்கர இடைவெளி 130 செ.மீ., ஆளும் வண்டியும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. என்று வைத்தால், புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறையும் பிரேக்கில் மொத்த எடையில் 23 சதவீதம், அதாவது 44 கிலோ, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு இடம் மாறுகிறது. ஆபத்து நேரத்தில் உழைப்பது முன் பேடு. ரீஜென் அதற்குப் பெரிய உதவி செய்வதில்லை.

பேட்டரி நிரம்பியிருக்கும்போது ரீஜென் மிகவும் குறைந்துவிடும், சில நேரம் இல்லாமலே போகும். திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வைக்க அங்கே இடம் இல்லை. இது மலைப்பாதையில்தான் தெரியும். ஏற்காட்டில் இரவு தங்கி, சார்ஜை நூறாக்கிக்கொண்டு காலையில் இறங்குகிறவரை எண்ணிப் பாருங்கள். சுமார் 1,000 மீட்டர் இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவுகள். 190 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 18.6 லட்சம் ஜூல். 30 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. இறங்கினால் காற்றும் டயரும் சேர்ந்து ஏறக்குறைய 10 லட்சத்தை விழுங்கிவிடும். மீதி 8.6 லட்சம் ஜூல் பிரேக்கின் தலையில். 50 கி.மீ. வேகத்திலிருந்து 47 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஆறுவதற்கு நேரமில்லாமல். மலையில் தங்குபவர்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். செலவே இல்லாத பிரேக் பராமரிப்பு இது.

இந்த இடத்தில்தான் பிரேக் ஆயில் கணக்குக்குள் வருகிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். டாட் 4-க்கு அது 230 டிகிரி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த அளவு முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை வரும், சக்கரம் நிற்காது. ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு பேடு மூன்று ஆண்டுகள்கூட வரலாம். ஆயில் அவ்வளவு காலம் காத்திருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், கடலோர ஊர்களில் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது முக்கியம். பெட்ரோல் வண்டிக்குப் பழகிய நாம் எல்லாவற்றையும் கிலோமீட்டரில் எண்ணுகிறோம். மின்சார வண்டியின் பிரேக்கை மில்லிமீட்டரிலும் நாட்காட்டியிலும் எண்ண வேண்டும்.

"பிரேக்கைக் கொஞ்சம் டைட் வைத்துக் கொடுங்கள்" என்று சர்வீஸில் கேட்பது இன்றும் வழக்கம். டிரம்முக்கு அது சரி. பின்னால் டிரம் உள்ள வண்டியில் கேபிள் முனையில் நட் இருக்கிறது, அதைத் திருகி லீவரின் தளர்ச்சியைக் கம்பெனி புத்தகம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவரலாம். ஆயிலில் இயங்கும் டிஸ்க்கில் அப்படித் திருக எதுவுமே இல்லை. பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப மேலே உள்ள டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். டிஸ்க் பிரேக்கில் லீவர் தளர்ந்தால் அது டைட் வைக்க வேண்டிய விஷயம் இல்லை. காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசியலாம், பேடு தீர்ந்திருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் அனுப்பிவிடுவது ஆபத்து.

எவ்வளவு ஆயில் இறங்கும்? பிஸ்டனையும் பேடையும் தாங்கும் காலிப்பரில் 26 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் இருந்தால் அதன் பரப்பு 531 சதுர மி.மீ. இரண்டு பேடும் தலா 2.5 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டன் நகர்வது 5 மி.மீ. பெருக்கினால் 2.7 மில்லி. இரட்டைப் பிஸ்டன் என்றால் 5.3 மில்லி. ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் ஊற்றி நிரப்பிவிடுகிறார்களே, அங்குதான் தவறு நடக்கிறது. மட்டம் குறைந்தது பேடு தேய்ந்ததைச் சொல்லும் சேதி. நிரப்பிவிட்டால் சேதி அழிந்துவிடும். பிறகு புது பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அதே 2.7 மில்லி மேலே பொங்கி, வழிந்த இடத்தில் பெயின்டை அரித்துவிடும்.

இனி ரூபாய்க் கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கும் உங்கள் ஊருக்கும் ஏற்ற பில் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முன் பேடு ஒரு ஜோடி: ரூ. 400
மாற்றும் கூலி: ரூ. 200
டிஸ்க் தட்டு: ரூ. 1,500
டாட் 4 ஆயில், கூலியுடன், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: ரூ. 400

தேய்மானத்துக்கு ஊர் சராசரியை நம்ப வேண்டாம். உங்கள் வண்டியே சொல்லும். புதிதில் 4 மி.மீ. இருந்த பேடு 5,000 கி.மீ. ஓடியபின் 3.2 மி.மீ. என்று அளந்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.16 மி.மீ. தேய்கிறது. 1.5-க்கு வர இன்னும் 1.7 மி.மீ. இருக்கிறது, அது 10,600 கி.மீ. ஓடும். மொத்த ஆயுள் 15,600 கி.மீ. 600 ரூபாயை அதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3.84 காசு. நான்கு காசு என்று முதலில் சொன்னது இதுதான். கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி, யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் மின்சாரச் செலவே 18 காசு வரும்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று கடைசி 1.5 மில்லிமீட்டரையும் தேய்ப்பவருக்கு என்ன மிச்சம்? இதே வேகத்தில் தேய்ந்தால் 9,400 கி.மீ. கிடைக்கும், 3.84 காசால் பெருக்கினால் 360 ரூபாய். அந்த 360-க்காக அவர் பணயம் வைப்பது 1,500 ரூபாய் டிஸ்க்கை. உராய்வுப் பகுதி தீர்ந்ததும் பேடின் இரும்பு முதுகு டிஸ்க்கைச் சீவத் தொடங்கும். ஸ்கூட்டர் டிஸ்க் புதிதில் 4 மி.மீ. அளவில்தான் இருக்கும், குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இடம் விட்டிருக்கும். அது போய்விட்டால் புதுத் தட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. பேடு மெலிய மெலிய வெப்பம் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் எளிதாகக் கடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு, 1.5-க்குக் கீழே ஓட்டுவதில் பணம் மிச்சமே இல்லை.

உயிர்க் கணக்கு தனி. 50 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி யோசித்தாலே 13.9 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் நல்ல பிரேக், நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து, 19.3 மீட்டரில் நிறுத்தும். மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிய பேடும் ஆயில் பட்ட பேடும் 4 மீட்டர் வீதம்தான் குறைத்தால் 24.1 மீட்டர் தேவைப்படும். வித்தியாசம் 4.8 மீட்டர். நல்ல பிரேக் நின்றுவிட்ட அதே இடத்தில், மற்ற வண்டி இன்னும் 22 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பேடு டிஸ்க்கோடு ஒட்டி உரசிக்கொண்டே ஓடினாலும் நட்டம்தான். சக்கரத்தில் அரைக் கிலோ அளவுக்கு, அதாவது 5 நியூட்டன், இழுவை இருந்தால் கிலோமீட்டருக்கு 1.4 வாட்-மணி வீணாகும். 3 யூனிட் பேட்டரியில் 100 கி.மீ. ஓடிய வண்டி 95-ல் நின்றுவிடும். பேட்டரி கெட்டுவிட்டதோ என்று பயப்படும் முன் சாவியை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாக உரசுவது சகஜம். அரைச் சுற்றில் நின்றால் காலிப்பர் நகரும் பின்னில் துருவோ மண்ணோ சிக்கியிருக்கிறது. உள் பேடும் வெளிப் பேடும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டுத் தேய்ந்திருந்தாலும் அதே காரணம்தான். வெளிப் பேடு மட்டும்தான் கண்ணுக்கு எளிதில் தெரியும். டார்ச் அடித்து உள் பேடையும் பார்க்காமல் விடாதீர்கள்.

மாற்றும் வேலைக்குக் கைதேர்ந்தவருக்கு அரை மணி நேரம் போதும். சாவி அணைந்திருக்க வேண்டும்; ஆக்சிலரேட்டரில் தெரியாமல் கை பட்டால் மின்சார வண்டி சத்தமில்லாமல் சீறும். பிஸ்டனை மெதுவாகத் தள்ள வேண்டும். பேடு வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்கவே கூடாது. காலிப்பர் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ், அதுவும் பட்டும் படாமலும். டீசல், மண்ணெண்ணெய் கொண்டு காலிப்பரைக் கழுவினால் ரப்பர் சீல் ஊதிவிடும். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது. மாட்டி முடித்ததும் லீவர் கெட்டியாகும்வரை பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பிடித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். இதை மறந்தால் முதல் பிரேக்கில் லீவர் வெறுமனே உள்ளே போகும். பிறகு 40 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிறுத்தாமல், இருபது முப்பது முறை மெல்லக் குறைத்தால் பேடு டிஸ்க்கோடு படியும். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள்.

உணவும் பார்சலும் கொண்டுசெல்லும் தம்பிகளின் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 120 கி.மீ., மாதம் 26 நாள் என்றால் 3,120 கி.மீ. தெருவுக்குத் தெரு நின்று கிளம்பும் ஓட்டத்தில் தேய்மானம் இரண்டு மடங்கு என்று வைத்தால் 2.5 மி.மீ. 7,800 கிலோமீட்டரில், அதாவது இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து ஜோடி, 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பேடு வாரன்டியில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மின்சார வண்டிக்கோ 5 சதவீதம்தான். 400 ரூபாய் பேடில் 61 ரூபாய் வரி. வண்டிக்குக் காட்டிய சலுகையை அதை நிறுத்தும் பொருளுக்கும் காட்டுவதே நியாயம். இவர்களை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனங்கள் ஆளுக்கு மாதம் 250 ரூபாய் ஒதுக்கினால் இந்தச் செலவு முழுவதும் தீர்ந்துவிடும்.

சர்வீஸ் பில்லில் "பிரேக் செக்: ஓகே" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது, உள் பேடு எத்தனை மி.மீ., வெளிப் பேடு எத்தனை மி.மீ., ஆயில் எந்த மாதம் எந்த ஆண்டு மாற்றியது என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.