தோட்டாவும் சட்டமும்

மேட்டுப்பாளையத்தில் மலை இரயிலேறிக் குன்னூரைக் கடந்தால், அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையைக் காணலாம். கார்டைட் என்பது துப்பாக்கிக் குண்டை உந்தும் மருந்து. இத்தகைய மருந்தைத் தனியார் செய்வதை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் உரிமத்துக்குள் அடக்குகிறது. தோட்டாவை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஆளுகிறது.

மேனாடுகளில் வேட்டைப் பிரியர் சிலர், சுட்டபின் எஞ்சிய வெற்றுக்கூட்டில் மருந்தும் குண்டும் மீண்டும் அடைத்துக்கொள்வர். சிக்கனமான பொழுதுபோக்குதான். நம் படைக்கலச் சட்டத்திலோ, தோட்டாவின் உறுப்புகளும், ஏன், அதனைச் செய்யும் பொறியுங்கூடத் தோட்டாவாகவே எண்ணப்படும்! ஆகவே அச்சிறு கைப்பொறிக்கும் உரிமம் வேண்டும்.

இது மிகை என்று நான் கருதவில்லை. கூட்டுக்குள் அடைபட்ட மருந்து எரிகையில், அழுத்தம் ஏற ஏற எரிவேகமும் ஏறுகிறது. அளவு மிஞ்சினால் துப்பாக்கியே சுடுவோர் முகத்தருகில் சிதறக்கூடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றைச் சுட்டு அழுத்தத்தை அளப்பர். வீட்டு மேசையில் அதற்கு வழியேது?