திறந்தவெளி ஓர் அமானிதம்

சொந்தமாக ஒரு மனை வாங்கி, அதில் சிறு வீடொன்று கட்டிக் குடியேற வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பம் இல்லை. மனை பார்க்கச் செல்லும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? சாலை எத்தனை அடி, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், பள்ளிவாசல் அருகில் உண்டா, பட்டா சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர் அரிது. குழந்தைகள் விளையாட விடப்பட்ட இடம் எங்கே என்று கேட்பவர் அதனினும் அரிது.

அந்த இரண்டு கேள்விகளும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைத் திருவண்ணாமலை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

மலை சொன்ன பாடம்

ஊரின் நடுவே சுமார் 800 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் மலை அது. அதைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அப்பாதையில் நடக்கிறார்கள். அதனாலேயே அங்கு நிலத்தின் விலை ஏறியது, விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாயின, மலையடிவாரத்தைத் தாண்டிச் சரிவிலும் வீடுகள் ஏறின.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, கனமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரிலிருந்த வீடொன்றின் மீது விழுந்தன. உயிரிழந்த எழுவரில் ஐவர் குழந்தைகள்.

இறந்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வேறிடத்தில் நிலம் வாங்க வசதியற்ற ஏழைகளே பெரும்பாலும் சரிவை நாடுகிறார்கள். ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. மலைச்சரிவின் மரம், செடி, புல் ஆகியவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. ஓடைகள் மழைநீரைச் சமுத்திரம் ஏரி போன்ற நீர்நிலைகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. வேரை அகற்றி, ஓடையை மூடினால் தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

நம்பிக்கை தரும் செய்தியும் அதே மலையில் உண்டு. 1980களில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்த மலை அது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, தன்னார்வலர்கள் கன்றுகளை நட்டார்கள். கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீ பரவாதிருக்கத் தடுப்புக் கோடுகளை வெட்டினார்கள். பல ஆண்டு உழைப்பின் பயனாக இன்று சரிவுகள் பல பச்சை பூண்டிருக்கின்றன. அழித்ததை மீட்கலாம், ஆனால் அதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலத்தில் இடம் விட இயலாதபோது பணம் செலுத்த வழியுண்டு. அதற்கும் மேற்பட்ட பெரிய மனைப்பிரிவுகளில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைக் கடந்தவற்றில், நிலத்தையே விட்டாக வேண்டும். அந்த நிலம் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது.

அந்நிலம் பிறகு வேறு பயனுக்கு மாறலாமா? பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியந்தான். எனினும் பூங்காவுக்கென விட்ட இடத்தைப் பறித்துக்கொண்டு அந்நல்ல காரியத்தைச் செய்ய முடியாது.

இங்கே நம் சமுதாயம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. புதிய நகர்களில் குடியேறியதும், "பூங்கா இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒரு தொழுமிடம் அமைத்தால் என்ன?" என்று சிலர் எண்ணுவதுண்டு. பிற சமயத்தாரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். பிறர் உரிமையைப் பறித்த நிலத்தில் தொழுவதை மார்க்க அறிஞர்கள் வெறுத்துள்ளனர். பூங்கா நிலம் அந்நகரின் மக்கள் அனைவருக்கும், இனி பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் உரியது. அது ஓர் அமானிதம். பள்ளிவாசலுக்கு நிலம் வேண்டுமாயின் நாம் கூடி விலைகொடுத்து வாங்குவோம்.

பொதுநிலத்தைக் காப்பது நமக்குப் புதிதன்று. கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டவோ கட்டவோ கூடாத எல்லையை ஃபிக்ஹ் நூல்கள் 'ஹரீம்' என்கின்றன. மதீனாவை அடுத்த நகீஉ புல்வெளியை நபி (ஸல்) அவர்கள் குதிரைகளின் மேய்ச்சலுக்கெனப் பாதுகாத்தார்கள். அத்தகைய இடத்திற்கு 'ஹிமா' என்று பெயர். நம் தமிழ் ஊர்களிலும் மந்தைவெளி, மேய்க்கால், ஓடை, ஏரி என்று வரிவிதிப்புக்குப் புறம்பாகப் பொதுநிலங்கள் இருந்தன. அவற்றின் பெயர்தான் புறம்போக்கு. அச்சொல்லை இன்று வசைச்சொல்லாக்கிவிட்டோம்!

நாம் செய்யத்தக்கவை

மனை வாங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பூங்காவுக்கான இடம் எது, அதன் தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஓடையோ வாய்க்காலோ குளமோ அந்நிலத்தில் குறிக்கப்பட்டுள்ளதா என அறியுங்கள். குறிக்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குடியிருப்போர், மதம் பாராமல் ஒரு குடியிருப்போர் சங்கம் அமைத்து, பூங்கா இடத்திற்கு வேலியிட்டு, வேம்பும் புங்கும் நடும்படி உள்ளாட்சியிடம் கோரலாம். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்துள்ளது. நகரம் இன்னும் விரியும். விரியும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். சும்மா கிடக்கும் இடத்தில்தான் ஆக்கிரமிப்பு நுழைகிறது. மரமும் குழந்தைகளும் நிறைந்த இடத்தில் அது எளிதில் நுழைவதில்லை.

நம் வீட்டின் நான்கு சுவர்களுக்கு நாம் உரிமையாளர்கள். சுவருக்கு வெளியேயுள்ள ஓடைக்கும் மரத்துக்கும் மலைக்கும் நாம் பொறுப்பாளர்கள். அடுத்த முறை மனை பார்க்கச் செல்லும்போது, தண்ணீர் போகும் வழியையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.